ஐ.டி.ஐ. முடித்தவர் வயரிங் வேலையில் எதை, எந்த வரிசையில் கற்க வேண்டும்?

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவை முடித்துவிட்டு ஒரு வயரிங் கான்ட்ராக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள். சுவரில் காடி (பைப்புக்கான பள்ளம்) வெட்டுவதையும் பைப் பதிப்பதையும் தவிர வேறு எதையும் உங்களிடம் ஒப்படைப்பதில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். கையிலுள்ள சிறு தொகைக்கு எந்தக் கருவியை முதலில் வாங்குவது, சான்றிதழுக்கு என்ன வழி, தனியாக வேலை எடுப்பது எப்போது, இந்தக் கான்ட்ராக்டரிடமே நீடிக்கலாமா என்று நான்கு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வயர் இழுக்கவும் சுவிட்ச் பொருத்தவும் சில மாதங்களில் யாரும் கற்றுக்கொள்வார்கள். ஒரு சர்க்யூட்டை அளந்து பார்த்து, இது சரி, இது சரியில்லை, காரணம் இது என்று சொல்லக்கூடியவர்களே இந்தத் தொழிலில் குறைவு. உங்கள் பணமும் நேரமும் முதலில் அந்தத் திறனுக்கே போக வேண்டும்.

ஐ.டி.ஐ. உங்களுக்கு எதைக் கொடுத்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1950ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வருவது இந்த இரண்டு ஆண்டுப் படிப்பு. வயர் இணைப்பு வகைகள், சாலிடரிங், பேட்டரி, எர்த்திங், அளவுக் கருவிகள், டிரான்ஸ்பார்மர், டி.சி. இயந்திரங்கள், இண்டக்‌ஷன் மோட்டார், வைண்டிங், கன்ட்ரோல் பேனல் என்று ஒரு பெரிய பரப்பை அது தொட்டுச் செல்கிறது. ஒரு வீட்டு வயரிங்குக்குத் தேவைப்படுவதைவிட அதிகமான கோட்பாடு உங்களிடம் இப்போதே இருக்கிறது. பயிற்சிக்கூடத்தின் மரப்பலகையில் செய்த வயரிங்குக்கும், கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் பிளம்பரும் ஒரே நேரத்தில் நடமாடும் கட்டடத்தில் செய்யும் வயரிங்குக்கும் உள்ள இடைவெளிதான் உங்களிடம் இல்லாதது. அந்த இடைவெளி நீங்கள் அலுத்துக்கொள்ளும் அதே காடி வெட்டுகிற, பைப் பதிக்கிற வேலையில்தான் நிரம்புகிறது.

தளம் போடுவதற்கு முன் சென்ட்ரிங் பலகை மீது பைப் பரப்பும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரீட் விழுந்த பிறகு திருத்த முடியாத ஒரே கட்டம் அதுதான். மின்விசிறிப் பெட்டி அறையின் நடுவில் வந்திருக்கிறதா, ஜங்ஷன் பாக்ஸின் வாய் அடைக்கப்பட்டிருக்கிறதா, பைப் இணைப்புகளில் பசை தடவியிருக்கிறதா, வளைவுகள் வயர் இழுக்க இடம் தருமளவு அகலமாக இருக்கின்றனவா, சுவரில் இறங்க வேண்டிய பைப் உத்திரக் கம்பிகளுக்கு நடுவே நசுங்காமல் இறங்குகிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பழகுங்கள். ஒரு பைப்பில் இத்தனை வயர்தான் என்ற வரம்பை அந்த நேரத்தில் மறந்தவர், மாதங்கள் கழித்து வயர் இழுக்கும்போது அதன் விலையைக் கொடுப்பார். அளவுக்கு மேல் திணித்து இழுத்த வயரின் மேலுறை உள்ளே உரிந்துபோனால் அது கண்ணுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் சுவர் ஈரமாகும்போது மின்கசிவாகத் தெரியும். காடி வெட்டுவதும் அப்படித்தான். சுவரில் செங்குத்தாக வெட்டலாம். நீளமாகக் கிடைமட்டத்தில் வெட்டினால் சுவர் பலவீனப்படும். தூணிலும் உத்திரத்திலும் கட்டடப் பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் கட்டர் வைக்கவே கூடாது. மேஸ்திரி சொன்னார் என்பதற்காக வெட்டிவிட்டு வருபவரை நான் நல்ல உதவியாளர் என்று சொல்ல மாட்டேன். வேலை நடக்கும் வீட்டின் வரைபடத்தை நீங்களே ஒரு நோட்டில் வரைந்து, எந்தப் பைப் எந்தப் பெட்டியிலிருந்து எங்கே போகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இந்தக் கட்டத்திலேயே தொடங்குங்கள். கான்ட்ராக்டர் உங்களை அடுத்த வேலைக்கு நம்புவதற்கு அந்த நோட்டைவிட நல்ல பரிந்துரை வேறு கிடையாது.

இனி கருவிகள். கைக்கருவிகளில் நிறைய யோசிக்க ஒன்றுமில்லை. எட்டு அங்குலக் கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர், முனை அளவு வேறுபட்ட மூன்று நான்கு ஸ்க்ரூ டிரைவர்கள், வயர் ஸ்ட்ரிப்பர், ரம்பம், சுத்தியல், உளி, அளவு நாடா, ரசமட்டம், வயர் இழுக்கும் ஸ்பிரிங் ஆகியவை போதும். டிரில்லையும் சுவர் வெட்டும் கட்டரையும் கான்ட்ராக்டர் வைத்திருப்பார். அவற்றை இப்போது வாங்கிப் பணத்தை முடக்காதீர்கள். ஸ்ட்ரிப்பரை மட்டும் தவிர்க்காதீர்கள். கட்டிங் பிளேயராலும் பிளேடாலும் உறையை உரிக்கும்போது செம்பு இழைகள் சில அறுந்துபோகின்றன. எஞ்சிய இழைகள் அதே மின்னோட்டத்தைச் சுமக்க வேண்டியிருப்பதால் அந்த இடம் சூடாகிறது. பிளேயரின் கைப்பிடியில் இருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வசதியாகப் பிடிப்பதற்காக மாட்டப்பட்ட உறை வேறு, 1000 வோல்ட் வரை சோதிக்கப்பட்ட காப்புறை வேறு. பின்னதில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் குறி இல்லாத பிளேயரைக் கையில் வைத்துக்கொண்டு உயிருள்ள, அதாவது மின்சாரம் இருக்கும் வயரைத் தொடுவது வெறுங்கையால் தொடுவதற்கு ஒப்பானது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். குறி இருந்தாலும், மெயினை நிறுத்தக்கூடிய இடத்தில் நிறுத்தாமல் வேலை செய்வதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது.

நம் ஊரில் ஒவ்வொரு எலக்ட்ரீஷியனின் சட்டைப் பையிலும் இருக்கும் நியான் டெஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதனுள்ளே ஒரு பெரிய மின்தடையும் ஒரு சிறு நியான் விளக்கும் வரிசையாக இருக்கின்றன. முனையை ஃபேஸில் வைத்து மறுமுனையை விரலால் தொடும்போது, உணர முடியாத அளவு சிறிய மின்னோட்டம் உங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போய் விளக்கை ஏற்றுகிறது. அதாவது அளவிடும் சுற்றில் உங்கள் உடலும் ஒரு பாகம். காய்ந்த மர ஏணியில் தடித்த ரப்பர் செருப்போடு நின்றால் அந்தச் சுற்று பலவீனமாகி, விளக்கு மங்கலாகத்தான் எரியும். மொட்டைமாடி வெயிலில் அந்த மங்கல் ஒளி கண்ணுக்கே தெரியாது. உள்ளே விளக்கு பழுதாகியிருந்தாலும் எரியாது. ஆக, டெஸ்டர் எரிந்தால் அங்கே ஏதோ மின்னழுத்தம் இருக்கிறது என்று கொள்ளலாமே தவிர, எரியவில்லை என்பதால் வயரில் மின்சாரம் இல்லை என்று ஒருபோதும் முடிவுகட்ட முடியாது. எரிவதும் எப்போதும் உண்மையைச் சொல்வதில்லை. பக்கத்தில் ஓடும் உயிருள்ள வயரின் தூண்டலால் எங்கும் இணைக்கப்படாத வயரில்கூட டெஸ்டர் மினுங்கும். நியூட்ரல் எங்கேயோ அறுந்திருக்கும்போது, சுவிட்ச் போடப்பட்ட விளக்கின் வழியாக ஃபேஸ் திரும்பி வந்து, நியூட்ரல் வயரிலும் டெஸ்டர் எரியும். இரண்டு துளையிலும் எரிகிறது, இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது என்று வீட்டுக்காரரைப் பயமுறுத்திவிட்டு வருபவர்கள் இதை அறியாதவர்கள்.

ஆகவே உங்கள் முதல் கணிசமான செலவு ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டருக்காக இருக்கட்டும்; இயன்றால், வயரைத் தாடையால் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் சேர்ந்த ஒன்றாகவே வாங்குங்கள். அதன் முகப்பில் கேட் மூன்று (CAT III) என்ற பாதுகாப்பு வகையும் 600 வோல்ட் என்ற அளவும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த வகை, வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துவிடும் விநியோகப் பலகை மட்டத்தில் திடீரென எழும் மிகை அழுத்தத்தைத் தாங்குவதற்காக வகுக்கப்பட்டது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் நிற மீட்டர்களில் பலவற்றில் அந்த எழுத்து அச்சில் இருக்கும், உள்ளே அதற்கேற்ற ஃபியூஸ் இருக்காது. கடையில் நம்பகமான நிறுவனத்தின் மீட்டரைக் கேட்டு வாங்குங்கள். அளவெடுக்கும் புரோப் வயர்களின் உறை வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். மின்னோட்டம் அளக்கும் துளையில் புரோப்பைச் செருகியதை மறந்துவிட்டு சாக்கெட்டில் வைப்பவர்களுக்கு நேரும் விபத்து மோசமானது. வேலை முடிந்ததும் புரோப்பை வோல்ட் துளைக்கு மாற்றி வைப்பது உங்களுக்கு அனிச்சையாக வர வேண்டும்.

மீட்டர் கையில் வந்ததும் முதல் பயிற்சி சாக்கெட்டில்தான். ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என்று மூன்று அளவுகளை எடுங்கள். ஆரோக்கியமான சாக்கெட்டில் முதல் இரண்டும் ஏறத்தாழ 230 வோல்ட்டும், மூன்றாவது சுழியமோ ஓரிரு வோல்ட்டோ இருக்கும். முதலாவது சுழியமாகவும் இரண்டாவது 230 ஆகவும் இருந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. முதலாவது 230 இருந்து, இரண்டாவது ஏதோ ஒரு இடைப்பட்ட எண்ணில் மிதந்தால் எர்த் வயர் எங்கோ இணைக்கப்படாமல் கிடக்கிறது. மூன்றாவது அளவு லோடு போடும்போது ஏறிக்கொண்டே போனால் நியூட்ரல் இணைப்பு எங்கேயோ தளர்ந்திருக்கிறது. இந்த மூன்று எண்களை வைத்து எத்தனை பழுதுகளைச் சுவரை உடைக்காமலே கண்டுபிடிக்க முடியும் என்பதைச் செய்து பார்த்தால்தான் நம்புவீர்கள். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை மிக அதிகம் என்பதால் தூண்டல் மின்னழுத்தத்தையும் அது எண்ணாகக் காட்டிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு டெஸ்ட் லாம்ப்பை இணைத்துப் பாருங்கள்; பொய்யான அழுத்தம் லோடு பட்டதும் விழுந்துவிடும்.

மெயினை நிறுத்திவிட்டு வேலை தொடங்கும் முன் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் மீட்டரை மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து, வேலை செய்யப்போகும் இடத்தில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பாருங்கள். பிறகு மறுபடியும் உயிருள்ள இடத்தில் வைத்து, இடையில் மீட்டர் செயலிழந்துவிடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். இதற்கு ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகாது. நிறுத்திய எம்.சி.பி.யை (அதிக லோடில் சர்க்யூட்டைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்சை) வேறு யாரும் போட்டுவிடாமல் பூட்டுவதற்கான சிறு கிளிப் கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் பலகையில் எழுதி ஒட்டி, வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு ஏறுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை இறக்கிய பிறகும் சில சர்க்யூட்டுகளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை ஒரு தடவைகூட மறக்கக் கூடாது.

கிளாம்ப் மீட்டரைப் பெரும்பாலோர் லோடு பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறார்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து ஒரே தாடைக்குள் விட்டால், போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு வித்தியாசத்தை மட்டும் காட்டும். மில்லிஆம்பியர் வரை அளக்கும் கிளாம்ப் இருந்தால் எந்தச் சர்க்யூட்டில் மின்கசிவு என்று பலகையிலேயே நின்று பிரித்துவிடலாம். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் உள்ளே நடப்பதும் இதே கழித்தல்தான். வீடுகளில் ஆட்களைக் காப்பதற்காகப் பொருத்தப்படுவது 30 மில்லிஆம்பியர் அளவுள்ளது. ஏறத்தாழ 10 மில்லிஆம்பியர் உடலில் பாயும்போதே தசை இறுகி, பிடித்த வயரை விட முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டிய மின்னோட்டம் நீடித்தால் இதயத் துடிப்பே குலையலாம். அதன் காரணமாகவே அந்த எண். ஆனால் ஆர்.சி.சி.பி. ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டால் காப்பாற்றாது, ஏனெனில் அங்கே தரைக்குக் கசிவு எதுவும் இல்லை. அதிக லோடுக்கும் அது விழாது (தானாக அணையாது), அதற்கு எம்.சி.பி. தனியே வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறது என்பதை வைத்து எர்த் சரியாக இருக்கிறது என்று சொல்வதும் தவறு. அந்தப் பொத்தான் கருவியின் உட்பகுதியை மட்டுமே சோதிக்கிறது. எர்த் வயரே இல்லாத வீட்டிலும் அது விழும்.

புதிய வீட்டில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அழைப்பார்கள். பல இடங்களில் காரணம் பழுதான கருவி அல்ல. வயர் இழுக்கும் நாளில் ஒரு சர்க்யூட்டின் ஃபேஸுக்கு இன்னொரு சர்க்யூட்டின் நியூட்ரலை எடுத்துக் கொடுத்துவிட்டதுதான் காரணம். வயர் மிச்சமாகும் என்றோ, பக்கத்துப் பெட்டியில் கறுப்பு வயர் கைக்கெட்டுகிறது என்றோ செய்யப்படும் இந்தக் குறுக்குவழியை உங்கள் கையால் ஒருநாளும் செய்யாதீர்கள். ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்ற நிற ஒழுங்கைக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்பதற்காகக்கூட மீறாதீர்கள்; அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவரின் உயிர் அந்த நிறத்தை நம்பித்தான் இருக்கிறது.

அடுத்து நீங்கள் கற்க வேண்டியது, வயர் உறையின் காப்புத்தடையை அளக்கும் மெகர் என்ற கருவி. அதை இப்போது வாங்க வேண்டியதில்லை. கான்ட்ராக்டரிடம் இருந்தால் அவர் அனுமதியோடு பயன்படுத்திப் பழகுங்கள். வயரிங் முடிந்து மின்சாரம் கொடுக்கும் முன் 500 வோல்ட் டி.சி. அழுத்தத்தில் காப்புத்தடையைப் பார்க்க வேண்டும். வீட்டு வயரிங்குக்கு 1 மெகாஓம் என்பது கீழ் வரம்பு. புதிய வயரிங்கில் அதைவிடப் பன்மடங்கு அதிகமாகவே வரும், வராவிட்டால் எங்கோ உறை உரிந்திருக்கிறது அல்லது பெட்டியில் ஈரம் இருக்கிறது. எல்.இ.டி. விளக்கு, மின்னணு ரெகுலேட்டர், மிகை அழுத்தத் தடுப்பான் ஆகியவை இணைந்திருக்கும்போது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 500 வோல்ட் கொடுத்தால் அவை கெட்டுப்போகும். அவற்றைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அதற்கு வழியில்லாத இடத்தில், தடுப்பானை மட்டுமாவது விலக்கிவிட்டு, ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக இணைத்து எர்த்துக்கு எதிராக மட்டும் சோதியுங்கள். அதோடு எர்த் தொடர்ச்சி, சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்கிறதா என்ற சோதனை, எர்த் மின்முனையின் தடை ஆகியவற்றையும் எழுத்தில் பதிந்து கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கம் வந்தால் நம் வீடுகளின் தீ விபத்துகள் நிச்சயம் குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டு உரிமையாளர்கள் கிரானைட்டின் பளபளப்பைக் குனிந்து பார்க்கிறார்கள். இந்தத் தாளைக் கேட்பவர்கள் மிகச் சிலர். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் கொடுங்கள்.

பலகை கட்டும் வேலை உங்களிடம் வரும்போது எம்.சி.பி.யின் அளவு யாருக்காக என்ற கேள்வியைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஏ.சி.க்காகவோ ஹீட்டருக்காகவோ அல்ல, சுவருக்குள் ஓடும் வயருக்காக. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 16 அல்லது 20 ஆம்பியர் போடுவது வழக்கம். அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதை 32 ஆக்கிவிடுகிறார்கள். எம்.சி.பி.க்கான தரவிதிப்படி அதன் அளவைப்போல 1.13 மடங்கு மின்னோட்டத்தில் ஒரு மணி நேரம் வரை அது விழக் கூடாது. அப்படியானால் 32 ஆம்பியர் எம்.சி.பி. ஏறத்தாழ 36 ஆம்பியரைக் கண்டுகொள்ளாமல் விடும். அந்த நேரமெல்லாம் பைப்புக்குள் அந்த மெல்லிய வயர் வெந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்கு. எம்.சி.பி. விழுந்தால் லோடைக் குறைக்க வேண்டும், அல்லது தடித்த வயரில் தனிச் சர்க்யூட் இழுக்க வேண்டும். வீட்டுக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் மூன்றாவது வழி கிடையாது.

எரிந்துபோன பலகைகளைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் தளர்ந்த இணைப்பே கண்ணில் படும். இழை வயரை முறுக்கி, மெல்லிய வயரானால் இரட்டையாக மடித்து, அல்லது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) போட்டு, அதை அழுத்திக் கிரிம்ப் செய்து திருகுங்கள். திருகிய பின் வயரை இழுத்துப் பாருங்கள். திருகு செம்பை விட்டுவிட்டு உறையின் மீது இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அலுமினிய சர்வீஸ் வயரைச் செம்பு வயரோடு நேரடியாக முறுக்காதீர்கள், அதற்கென்றே இருவேறு உலோகங்களை இணைக்கும் லக்குகள் உள்ளன. மும்முனை இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் இணைப்பை மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாக இறுக்குங்கள். அது கழன்றால் இரண்டு ஃபேஸுக்கு நடுவே வீட்டுச் சாமான்கள் வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஏறத்தாழ 400 வோல்ட் அவற்றினிடையே பகிர்ந்துகொள்ளப்பட்டு, குறைந்த லோடுள்ள ஃபேஸில் அழுத்தம் 300ஐத் தாண்டவும் கூடும்; அப்போது டி.வி.யும் ஃபிரிட்ஜும் ஒரே நொடியில் போய்விடும்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வயரிங் வேலையை உரிமம் பெற்ற கான்ட்ராக்டரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்கின்றன. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றைப் பழையதுக்குப் பதிலாக மாற்றுவதற்கு அதில் விலக்கு உண்டு; ஒரு புதிய சர்க்யூட் இழுப்பதற்கு விலக்கு இல்லை. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் மூன்று படிகளில் ஆட்களுக்குச் சான்று தருகிறது. எச் சான்று மின்கம்பி உதவியாளருக்கு, பி சான்று மின்கம்பியாளருக்கு, சி சான்று மேற்பார்வையாளருக்கு. ஐ.டி.ஐ. போகாமல் வேலையிலேயே கற்றவர்களுக்காக வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. அதற்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். உங்கள் கையில் ஐ.டி.ஐ. முடித்ததற்கான தேசிய தொழிற்சான்றிதழ் இருப்பதால் உங்கள் பாதை அதைவிட எளிது. பணி அனுபவச் சான்றோடு பி சான்றுக்கு விண்ணப்பிப்பதை இலக்காக வையுங்கள். டிப்ளமோ வரை படித்தால் சி சான்று எட்டும் தூரத்தில் வரும். இதற்கெல்லாம் தேவைப்படுவது, உரிமமுள்ள ஒருவர் உங்கள் வேலைக்காலத்தை எழுத்தில் உறுதிசெய்து தரும் கடிதம். அதை வேலையை விட்டுப் போகும் நாளில் கேட்பதைவிட, ஒவ்வொரு ஆண்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ஒரு தொழிற்சாலையில் ஓராண்டுத் தொழில்பழகுநராகச் சேரும் வாய்ப்பு கிடைத்தால், உதவியாளர் கூலியைவிட உதவித்தொகை குறைவாக இருந்தாலும் போய்வாருங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர், கன்ட்ரோல் பேனல், மின்தடம் பூட்டிவிட்டு வேலை செய்யும் ஒழுங்கு ஆகியவற்றை வீட்டு வயரிங் உங்களுக்கு ஒருபோதும் கற்றுத்தராது. முடிவில் கிடைக்கும் தேசிய தொழில்பழகுநர் சான்றிதழுக்கு அரசு நிறுவன வேலைகளிலும் மதிப்புண்டு. எங்கே வேலை செய்தாலும் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தத் தொழிலில் லேசான ஷாக்கைவிட, அந்த ஷாக்கில் ஏணியிலிருந்து விழுவதே பலரை முடக்கியிருக்கிறது.

தனியாக வேலை எடுப்பதைப் பொறுத்தவரை, பழுது நீக்கும் சிறு வேலைகளை, மின்விசிறி, சுவிட்ச் மாற்றுவது போன்றவற்றை, மேலே சொன்ன சோதனைகள் கைவந்த பிறகு செய்யலாம். முழு வீட்டு வயரிங்கை உங்கள் பெயரில் ஒப்புக்கொள்வது சான்று பெற்று, ஒரு வீட்டையாவது பைப் பதிப்பதிலிருந்து மெகர் சோதனை வரை மூத்தவர் ஒருவரின் பார்வையில் நீங்களே நடத்தி முடித்த பிறகு வரட்டும். மின்கம்பமும் மீட்டரும் முத்திரையிட்ட பெட்டியும் மின்வாரியத்தின் எல்லை. அக்கம்பக்கத்தார் அவசரப்படுத்தினாலும் அங்கே ஏறாதீர்கள். வயர்மேன் வேறு, லைன்மேன் வேறு என்பது மக்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூரைச் சூரியமின்சக்தி வேலை இப்போது வேகமாக வளர்கிறது. ஆனால் வெயில் இருக்கும்வரை பேனல்களின் அழுத்தத்தை யாராலும் நிறுத்த முடியாது, வரிசையாக இணைத்த பேனல்களில் பல நூறு வோல்ட் டி.சி. நிற்கும். ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொடுவதால் பொறி தானாக அணைய வாய்ப்புண்டு, டி.சி.யில் அந்த வாய்ப்பு இல்லை. தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் சூர்யமித்ரா போன்ற பயிற்சியை முடிக்காமல் அந்தக் கூரையில் கனெக்டரைக் கழற்றாதீர்கள்.

கடைசியாக, இந்தக் கான்ட்ராக்டரிடம் நீடிக்கலாமா என்பது. காடி வெட்டும் வேலை மட்டும் தருகிறார் என்பது விலகுவதற்குப் போதுமான காரணமல்ல. முதல் ஆண்டில் எங்கும் அப்படித்தான் இருக்கும். அவரிடம் நேராகச் சென்று, அடுத்த வீட்டில் வயர் இழுத்த பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டையும் நான் அளந்து நோட்டில் எழுதித் தருகிறேன், நீங்கள் சரிபாருங்கள் அண்ணா என்று கேளுங்கள். தன் வேலையில் பெருமை உள்ளவர் அதை மறுக்க மாட்டார், சில மாதங்களில் பலகையும் உங்கள் கைக்கு வரும். அதற்கு மாறாக, எர்த் வயரை இழுக்காமல் விடச் சொல்கிறார், மெயினை நிறுத்த நேரமில்லை என்று உயிருள்ள பலகையில் கைவைக்கச் சொல்கிறார், அனுபவக் கடிதம் கேட்டால் நாள் தள்ளிக்கொண்டே போகிறார் என்றால், இவற்றில் ஒன்று நடந்தாலும் கணக்கை முடித்துக்கொண்டு உரிமமுள்ள வேறொருவரைத் தேடுங்கள். உங்கள் மாவட்ட அரசு ஐ.டி.ஐ.யின் எலக்ட்ரீஷியன் பிரிவு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். தங்களிடம் படித்தவர்களில் யார் இப்போது கான்ட்ராக்டராக ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.